ஈயக் குண்டு எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்?
பழைய ரைபிள்களுக்கான மென்வேகத் தோட்டா பற்றிய நெடிய விவாதம்

1873ஆம் ஆண்டு மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு, ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், வின்செஸ்டர் 1886 ஆகியவை 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவில் உருவான ரைபிள்கள். இவை இன்றும் சுடுகளங்களில் ஒலிக்கின்றன. பாதுகாத்து வைத்த அசல் துப்பாக்கிகளும் உண்டு, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் செய்யப்படும் நகல்களும் உண்டு. இவற்றைச் சுடுவோரில் பலர் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். ஈயத்தை உருக்கி, இரும்பு அல்லது அலுமினிய அச்சில் ஊற்றிக் குண்டு வார்த்து, மெழுகு பூசி, சுட்ட பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பி மூடுகிறார்கள். அமெரிக்காவில் இது சட்டம் அனுமதிக்கும் பழைய பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

இந்தக் கைத்தொழிலின் மையத்தில் ஒரு கேள்வி ஒன்றரை நூற்றாண்டாக இருந்துவருகிறது. தோளை நோகடிக்காத வேகத்தில், குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளாமல், குறியும் பிசகாமல் போக வேண்டுமானால் வார்த்த குண்டு எப்படி இருக்க வேண்டும்? உலோகத்தைக் கடினமாக்கினால் போதும் என்றனர் ஒரு சாரார். குண்டின் விட்டம் குழலுக்குப் பொருந்துவதே எல்லாம் என்றனர் இன்னொரு சாரார். மெழுகை நம்பியவர்களும் மருந்தை நம்பியவர்களும் உண்டு. நான்கு தரப்புக்கும் ஆதாரம் இருப்பதால்தான் வழக்கு இன்னும் முடியவில்லை.

மென்மையே பலமாக இருந்த காலம்

தொடக்கத்தில் ஈயத்தின் மென்மையே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் குண்டு எளிதாக உள்ளே இறங்க வேண்டும். வெடிக்கும்போது விரிந்து குழலின் சுழல்வரிகளைப் பற்றவும் வேண்டும். 1840களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மினியே முன்வைத்த, அடியில் குழிவுள்ள குண்டு இந்த முரணைத் தீர்த்தது. குழிவுக்குள் புகும் வாயு குண்டின் பாவாடையை விரித்து வரிகளுக்குள் அழுத்தியது. தூய ஈயம் இல்லாமல் இது நடக்காது. 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாவும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். அந்தத் தோட்டாவின் காகிதத்தில் தடவிய கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற ஐயமே 1857இல் வட இந்தியப் படைமுகாம்களில் பற்றிய நெருப்புக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றானது. குண்டுக்கு எதைப் பூசுவது என்ற தொழில்நுட்பக் கேள்வி ஒரு பேரரசையே உலுக்கிய நிகழ்வு வேறெங்கும் இல்லை.

மென்மைக்கு எதிரான முதல் வலுவான வாதம் இங்கிலாந்திலிருந்து வந்தது. வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு 1860களில் ஆழம் குறைந்த வரிப்பள்ளங்களையும் கடினப்படுத்திய குண்டையும் சேர்த்துச் சோதித்தார். குண்டு விரிந்துகொடுக்கும், ஆனால் உருக்குலையாது என்பது அவர் கணக்கு. அமெரிக்க ராணுவமும் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்கான 45-70 தோட்டாவின் 500 கிரெயின் எடையுள்ள குண்டுக்கு 16 பங்கு ஈயம், 1 பங்கு வெள்ளீயம் என்ற கலவையை ஏற்றது. தூய ஈயத்தின் கடினம் பிரினெல் அளவில் ஏறத்தாழ 5. இந்தக் கலவையின் கடினம் 11 அளவில் இருக்கும். மென்மைக்கும் கடினத்துக்கும் நடுவே ஓர் இடத்தில் அந்தத் தலைமுறை நின்றுவிட்டது. கருமருந்தின் வேகத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

கடினத்தை நம்பியவர்கள்

புகையிலா மருந்து வந்ததும் நிலைமை மாறியது. அமெரிக்க ராணுவம் 1892இல் கிராக் ரைபிளை ஏற்றபோது குண்டின் மேல் உலோக உறை ஏறியது, வேகம் நொடிக்கு 600 மீட்டரைத் தொட்டது. உறையில்லாத ஈயக் குண்டை அதே குழலில் அதே வேகத்தில் சுட முயன்றவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. வரிகளில் ஈயம் வெள்ளிப் பட்டைபோல ஒட்டிக்கொண்டது, சில சுடுகளுக்குள் குறி சிதறியது. 'அனல் குண்டின் அடியை உருக்குகிறது' என்ற விளக்கம் அப்போது பரவியது. நியூ ஹேவன் நகரில் ஐடியல் நிறுவனத்தை நடத்திய ஜான் பார்லோ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் குண்டின் அடியில் பொருத்தும் சிறு செம்புத் தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அது பலன் தந்தது. பலன் தந்ததாலேயே, உருகுதல் என்ற விளக்கமும் நிரூபணமாகிவிட்டதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த விளக்கம் மிகப் பலவீனமானது. குண்டு குழலுக்குள் இருப்பது ஓரிரு மில்லி நொடிதான். காகிதம் சுற்றிய குண்டைச் சுடும்போது அந்தக் காகிதம் கரியாகாமல் துணுக்குகளாகக் குழல்வாய்க்கு முன்னால் உதிர்கிறது. சுடுபவர்கள் அந்தத் துணுக்குகளைப் பொறுக்கிப் பார்த்தே காகிதம் சரியாகக் கிழிந்ததா என்று கணிப்பார்கள். காகிதத்தைப் பொசுக்க முடியாத நேரத்தில், 327 பாகை செல்சியசில் உருகும் ஈயத்தின் அடிப்பரப்பு முழுவதும் உருகிவிடும் என்பதை நம்புவது கடினம். செம்புத் தட்டு வாயுவை அடைக்கிறது, குண்டின் விளிம்பைக் காக்கிறது என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது.

இருந்தும் கடினத்தின் மேலிருந்த நம்பிக்கை வளர்ந்துகொண்டே போனது. அதற்கு ஒரு காரணம் கிடைத்த உலோகம். அச்சுக்கூடங்களில் ஓடிய லைனோடைப் எந்திரத்தின் எழுத்து உலோகம் 84 விழுக்காடு ஈயம், 12 விழுக்காடு ஆண்டிமனி, 4 விழுக்காடு வெள்ளீயம் கொண்டது. கடினம் ஏறத்தாழ 22. ஃபோட்டோ கம்போசிங் வந்து எந்திரங்கள் ஓய்ந்தபோது இந்த உலோகம் மலிவாகக் கைமாறியது. கார்ச் சக்கரத்தைச் சமன்செய்யும் எடைக்கட்டிகள் இன்னொரு ஊற்று. அவற்றில் மூன்று நான்கு விழுக்காடு ஆண்டிமனியும் மிகச் சிறிதளவு ஆர்சனிக்கும் கலந்திருந்தன. வார்த்த குண்டை அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் தள்ளினால் கடினம் 12இலிருந்து 20க்கும் மேல் ஏறும். வெள்ளீயம் மட்டும் சேர்ந்த கலவையில் இந்தத் தண்ணீர் வித்தை பலிக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கார்களுக்கு ஈய எடைக்கட்டியைத் தடைசெய்தது. அமெரிக்காவின் சில மாநிலங்களும் அதைப் பின்பற்றியதால் அந்த ஊற்று வற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு காரணம் கடினத்தை எளிதாக அளக்க முடிவது. அதற்கென்று சிறு கருவிகள் விற்கின்றன. கருவி வாங்காதவர்கள் ஓவியர்களின் பென்சில்களை வரிசையாக வைத்து, எந்தப் பென்சில் ஈயத்தைக் கீறுகிறது என்று பார்க்கிறார்கள். எண்ணாகச் சொல்ல முடிவதற்கு இயல்பாகவே மதிப்புக் கூடுகிறது. ஆனால் ஆண்டிமனி கலந்த குண்டின் கடினம் வார்த்த அன்று ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து வேறொன்று. எந்த நாளின் எண் என்று சொல்லாத கடினக் கணக்கை முழுமையாக நம்ப முடியாது. பழைய பதிவுகள் பலவற்றில் அந்த நாள் குறிக்கப்படவில்லை.

ஒரே எண், எதிரெதிரான இரண்டு விதிகள்

கடினத்தை அழுத்தத்தோடு இணைக்கும் முயற்சி இந்த விவாதத்தின் சுவையான கட்டம். பிரினெல் கடினத்தின் ஓர் அலகை அழுத்தமாக மாற்றினால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1,422 பவுண்டு கிடைக்கும். ரிச்சர்டு லீ தம் 'மாடர்ன் ரீலோடிங்' நூலில் இதை ஓர் உச்சவரம்பாக முன்வைத்தார். அறையின் அழுத்தம் இந்த அளவின் 90 விழுக்காட்டைத் தாண்டினால் குண்டு உருக்குலைந்து குறி கெடும் என்பது அவர் நிலைப்பாடு. வேறு சிலர் ஏறத்தாழ இதே பெருக்கெண்ணைத் தரைவரம்பாகக் கொண்டார்கள். அழுத்தம் இந்த அளவை எட்டினால்தான் குண்டின் அடி புடைத்துக் குழலை அடைக்கும், எட்டாவிட்டால் வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரிக்கும் என்றார்கள்.

இரண்டு விதிகளையும் ஒரே குண்டின்மேல் வைத்துப் பார்க்கலாம். கடினம் 12 உள்ள குண்டுக்கு எல்லை 17,000 பவுண்டு அளவில் வருகிறது. லீயின் விதிப்படி அழுத்தம் அதற்குக் கீழே நிற்க வேண்டும். மறுதரப்பின்படி அதற்கு மேலே போக வேண்டும். இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. 16-க்கு 1 என்ற ராணுவக் கலவையின் எல்லை 16,000 பவுண்டைத் தாண்டாது. ஆனால் 45-70 தோட்டாவுக்கு இன்று வகுக்கப்பட்டுள்ள உச்ச அழுத்தம் 28,000 பவுண்டு. கருமருந்து நிரப்பிய முழுத் தோட்டா அந்தக் கலவையின் எல்லையைக் கடந்தே வேலை செய்தது, குறியும் கெடவில்லை. ஆகவே உச்சவரம்பு விதியை இயற்பியல் சட்டமாகக் கொள்ள இயலாது. எச்சரிக்கைக் குறிப்பாக அது பயன்படலாம். தரைவரம்பு விதிக்கு மென்வேகத் தோட்டாவைப் பொறுத்தவரை நடைமுறை மதிப்பு கூடுதல். இங்கே அழுத்தம் குறைவு என்பதால் கடினக் குண்டு புடைக்காமலே போகும் வாய்ப்பு அதிகம். கடையில் வாங்கிய மிகக் கடினமான குண்டு மெதுவான தோட்டாவில் ஈயம் அப்பவைக்கிறது என்ற பரவலான முறையீட்டுக்கு இது பொருந்தும் விளக்கமாகவே தெரிகிறது.

அளவே முதல் என்றவர்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் ஃபிராங்க்ளின் மன், பல பத்தாண்டுச் சோதனைகளின் முடிவை 1909இல் நூலாக்கினார். அசையாத காங்கிரீட் பீடத்தில் குழலைப் பொருத்திச் சுட்டார். சுட்ட குண்டு சிதையாமல் கைக்கு வர, எண்ணெயில் ஊறிய மரத்தூளுக்குள் சுட்டுத் தேடியெடுத்தார். குண்டின் மூக்கை வேண்டுமென்றே சிதைத்தபோது குறி அதிகம் கெடவில்லை. அடியைச் சிறிது சிதைத்தபோது கெட்டது. அவர் காலத்துக் குழல் வல்லுநர் ஹாரி போப் நடைமுறையில் இதையே செய்துவந்தார். குண்டைக் குழல்வாயிலிருந்து பொய்வாய்க் கருவி வழியாக இறக்கி, வரிகள் அதில் முன்கூட்டியே பதியவைத்து, மருந்துள்ள கூட்டைப் பின்னாலிருந்து நுழைத்தார். குண்டு குழலோடு ஒத்துப்போன பிறகே சுடப்பட்டது. இவ்விருவர் வேலையிலும் உலோகத்தின் கடினம் இரண்டாம் இடத்துக்குப் போகிறது.

பழைய ரைபிள்களில் இந்த வாதத்துக்குத் தனி வலு உண்டு, ஏனென்றால் ஒரே பெயருள்ள குழல்கள் ஒரே அளவில் இல்லை. 38-55 தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். தற்காலத்து உறைக்குண்டின் விட்டம் 0.375 அங்குலம். பழைய குழல்களின் வரிப்பள்ள விட்டமோ பல நேரங்களில் 0.378, 0.380 என்று நிற்கிறது. 44-40 குழல்களில் வேறுபாடு இன்னும் பெரிது. அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு இடைவெளி வழியே வாயு பீறிட்டுப் போகும்போது எந்தக் கலவையானாலும் அரிப்பு நிகழும்.

ஆகவே அனுபவசாலிகள் அச்சு வாங்குமுன் குழலை அளக்கிறார்கள். தூய ஈயத்துண்டு ஒன்றுக்கு எண்ணெய் தடவி, மரக்கோலால் மெல்லத் தட்டிக் குழலின் நீளம் முழுக்கச் செலுத்துகிறார்கள். வெளியே வரும் துண்டில் வரிகளின் பதிவு பளபளக்கும். மேடான பகுதிகளை மைக்ரோமீட்டரில் வைத்தால் பள்ளத்தின் விட்டம் தெரியும். போகிற வழியில் கை உணர்வதும் முக்கியம். ஓரிடத்தில் இறுகி, அடுத்து இளகினால் குழல் அங்கே அகன்றிருக்கிறது. வார்ப்புக் குண்டை அந்த விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு அங்குலம் பெரிதாக வைப்பது இன்று பரவலான வழக்கம்.

இந்தத் தரப்பிலும் ஓட்டை இருக்கிறது. பொருத்தம் என்பது வரிப்பள்ளத்தோடு பொருத்தமா, அறைக்கும் வரிகளுக்கும் இடைப்பட்ட தொண்டைப் பகுதியோடு பொருத்தமா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை. தொண்டைக்கு ஏற்ற பெரிய குண்டு சில பழைய அறைகளில் பித்தளைக் கூட்டோடு சேர்ந்து நுழையவே மறுக்கும். மேலும், பொருத்தமாக அமைந்த குண்டு சரியாகப் பறந்தது என்பதற்குச் சான்றுகள் குவிந்திருக்கின்றன. பொருந்தாத குண்டும் மென்மையால் தானே புடைத்துச் சரியாகப் பறந்ததற்கும் சான்றுகள் உண்டு. ஆயினும் நான்கு தரப்பிலும் அதிக வலுவுள்ளது இதுவே என்று தோன்றுகிறது. அளவு சரியில்லாத குண்டைக் கடினம் காப்பாற்றியதைவிட, அளவு சரியான மென்குண்டு பிழைத்துக்கொண்டதற்கே எடுத்துக்காட்டுகள் மிகுதி.

மெழுகும் கொழுப்பும்

கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கசடாக எஞ்சுகிறது. மெழுகுப் பூச்சின் முதல் வேலை உராய்வைக் குறைப்பதைவிட அந்தக் கசடு இறுகாமல் வைத்திருப்பது. தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் தாவர எண்ணெயும் அங்கே நிலைத்தன. போட்டிகளில் இரண்டு சுடுகளுக்கு நடுவே அறைக்குள் சிறு குழாயைச் செருகி, நீண்ட மூச்சாக நாலைந்து முறை ஊதுவதும் இதற்காகவே. மூச்சின் ஈரம் கசடை இளக்குகிறது. புகையிலா மருந்தில் கசடு மிகக் குறைவு என்பதால் தேவை மாறியது. அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கத்தின் தொழில்நுட்ப எழுத்தாளர் கர்னல் ஹாரிசன், ஆலாக்ஸ் என்ற தொழிற்சாலை மசகையும் தேன்மெழுகையும் சரிபாதி கலந்து பரப்பிய கலவை பல பத்தாண்டுகள் அளவுகோலாக இருந்தது. இப்போது குண்டின்மேல் பாலிமர் பொடியைத் தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் முறை பரவியிருக்கிறது. மெழுகு எப்படி வேலை செய்கிறது என்பதில் மட்டும் உடன்பாடு இல்லை. உராய்வைக் குறைக்கிறது என்பார் ஒருவர், வாயுவை அடைக்கும் மிதவை முத்திரை என்பார் மற்றொருவர். பொடிப்பூச்சுக் குண்டு மெழுகே இல்லாமல் ஓடுவது இரு விளக்கங்களையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

தோளும் மருந்தும்

பின்னுதைப்பைக் குறைக்கும் எண்ணம் புதிதல்ல. ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்கு 70 கிரெயின் கருமருந்து என்றால், குதிரைப்படையின் இலகுவான கார்பைனுக்கு அமெரிக்க ராணுவமே 55 கிரெயின் நிரப்பிய தோட்டாவைத் தந்தது. கணக்கும் இதற்குத் துணை. துப்பாக்கி பெறும் உந்தம், குண்டும் வாயுவும் கொண்டுபோகும் உந்தத்துக்குச் சமம். உதைப்பின் ஆற்றலோ உந்தத்தின் இருபடியைப் பின்தொடர்கிறது. உந்தத்தில் கால்பங்கு குறைத்தால் ஆற்றலில் ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்துவிடும். வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தாலே தோள் பெரிதும் தப்பிக்கிறது. அந்தக் காலத் தோள்கட்டைகளுக்கு இது அவசியமும்கூட. பிறை வடிவ இரும்புத் தகட்டை இன்றைய பழக்கப்படி தோள்குழியில் வைத்துச் சுட்டால் அதன் கூர்முனை எலும்பில் இறங்கும். அதைத் தோளுக்கு வெளியே, மேற்கை தொடங்கும் இடத்தில் அணைத்துப் பிடிப்பதே அன்றைய முறை.

சிக்கல் மருந்தின் பக்கம்தான். கருமருந்துக்காக அமைந்த பெரிய கூட்டில் புகையிலா மருந்தைக் குறைவாகப் போட்டால் பெரும்பகுதி வெற்றிடமாகிறது. மருந்து முன்னால் சரிந்தால் ஒரு வேகம், பின்னால் கிடந்தால் வேறு வேகம். அதைவிட ஆபத்து, இரண்டு மடங்கு மருந்து விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் கூட்டுக்குள் அடங்கிவிடுவது. பருமன் மிகுந்த மருந்துகள் இதற்கு விடையாகக் கருதப்பட்டன. வளைய வடிவத் துகள்கொண்ட ட்ரெயில் பாஸ் அவற்றில் பெயர்பெற்றது. இப்போது கிடைப்பது அரிது. மருந்தின்மேல் பஞ்சோ செயற்கை இழையோ வைத்து இடத்தை நிரப்புவது மற்றொரு வழி. இதை ஆதரிப்போர் சீரான வேகத்தைக் காட்டுகிறார்கள். எதிர்ப்போர் அறைச்சுவரில் வளையமாக விழும் புடைப்பைக் காட்டுகிறார்கள். சார்லஸ் டெல் இந்தப் புடைப்பை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் ஒருவர். மருந்தின்மேல் வைத்த அடைப்பு, இடைவெளியைத் தாண்டி வேகமாக வந்து குண்டின் அடியில் மோதுவதே காரணம் என்ற விளக்கம் வலுவானது. ஆனால் பல்லாயிரம் சுடுகளில் ஏன் ஒன்றில் மட்டும் நிகழ்கிறது என்பதை அது முழுமையாகச் சொல்லவில்லை.

எது எப்படியானாலும் ஒரு வரம்பில் ஐயத்துக்கு இடமில்லை. ஒரே 45-70 தோட்டா, பலவீனமான பழைய ஸ்பிரிங்ஃபீல்டிலும் நுழையும், பலமடங்கு உறுதியான நவீனத் துப்பாக்கியிலும் நுழையும். ஆகவே தோட்டாவின் பெயரைப் பார்த்து மருந்தளவைத் தேர்வது தவறு. அச்சிட்ட கையேடுகள் துப்பாக்கி வாரியாக அளவுகளைப் பிரித்துத் தருவது இதனால்தான். ஈயத்தை உருக்கும் வேலையிலும் எச்சரிக்கை வேண்டும். கசடுத்தூள் வழியாக ஈயம் கைக்கும் வாய்க்கும் போகிறது. உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி நீர் இறங்கினால் உலோகம் தெறிக்கும்.

சுழற்சி என்ற புதிய வாதம்

அண்மைப் பத்தாண்டுகளில் சுழற்சி வேகம் தனி விவாதமாகியிருக்கிறது. 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற பழைய ஸ்பிரிங்ஃபீல்டு குழலில் நொடிக்கு 405 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 43,500 சுற்று சுழல்கிறது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள கிராக் குழலில் 600 மீட்டர் வேகம் என்றால் சுழற்சி 1,41,000ஐத் தாண்டும். 1,20,000 முதல் 1,40,000 வரையிலான எல்லையில் வார்ப்புக் குண்டின் குறி சிதறத் தொடங்குகிறது என்று ஒரு தரப்பு வரம்பு கட்டுகிறது. மறுதரப்பு, குழலுக்குள் குண்டு கோணலாவதே குற்றம், சுழற்சி அந்தக் கோணலைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே என்கிறது. மன் சொன்னதற்கு இரண்டாம் விளக்கம் நெருக்கமானது. மெதுவாக எரியும் மருந்தால் அந்த வரம்பைக் கடந்தவர்கள் இருப்பதும் அதற்குச் சாதகம்.

தீராதவை

மென்வேகமும் பழைய குழலும் சேர்ந்த எல்லைக்குள் நின்று பார்த்தால் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். குழலை அளந்து வார்த்த, கடினம் 8 முதல் 12 வரையிலான குண்டு பெரும்பாலான 45, 38 குழல்களுக்குப் போதும். லைனோடைப் அளவு கடினத்துக்குத் தேவை எழுவது அரிது. இந்த வேகங்களில் சுழற்சி வரம்பு குறுக்கிடுவதே இல்லை.

கடினத்தையும் விட்டத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சோதித்த பதிவுகள் குறைவு என்பதே பெரிய இடைவெளி. கலவையை மாற்றினால் அச்சிலிருந்து வரும் குண்டின் விட்டமும் மாறுகிறது. ஆண்டிமனி மிகுந்த குண்டு அதே அச்சில் சற்றுப் பெரிதாகவே விழும். கடினக் கலவைக்கு மாறியதும் ஈயப்படிவு நின்றது என்று எழுதிய பலருக்கு நன்மை செய்தது கடினமா, கூடிய விட்டமா என்பதை அவர்கள் பதிவுகளைக்கொண்டு பிரித்தறிய வழியில்லை. ஒரே விட்டத்துக்கு இழைத்த குண்டுகளை, ஒரே வயதில், கடினத்தை மட்டும் மாற்றிச் சுட்டால் விடை கிடைக்கக்கூடும். அதற்குக் குழலை ஒவ்வொரு தொகுதிக்கும் பின் உலோகம் தெரியும்வரை துடைத்தாக வேண்டும், தொகுதிக்குப் பத்து சுடு என்ற வழக்கத்தைவிடப் பல மடங்கு சுடவும் வேண்டும். 130 ஆண்டு வயதான ஓர் அசல் குழலை அதற்கு ஈடுகொடுக்க உரிமையாளர்கள் தயங்குவது நியாயமே. நகல் குழல்களில் கிடைக்கும் முடிவு, தேய்ந்து அகன்ற பழைய தொண்டைகளுக்கும் பொருந்துமா என்பதை அதன் பிறகுதான் கேட்க முடியும்.